கன்னி மூலையில் வைத்த நிழல்

லம்பா லைனில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு வருஷம் ஒரு பல்கேரியப் பெண் குடியிருந்தாள். இதைச் சொன்னால் மேன்லேண்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். போர்ட் பிளேரில் பல்கேரியாக்காரிக்கு என்ன வேலை என்பார்கள். வேலை ஒன்றும் இல்லை, கல்யாணம்தான். அவள் புருஷன் எங்கள் தீவில் பிறந்த தமிழன், கப்பல் என்ஜினியர். வெளிநாட்டுக் கப்பலில் ஓடிய காலத்தில் கருங்கடல் ஓரத்து ஊர் ஒன்றில் கப்பல் பழுதாகி இரண்டு மாதம் நின்றிருக்கிறது. கப்பல் சரியாகிவிட்டது, இவன் சரியாகவில்லை. கட்டிக்கொண்டு வந்துவிட்டான். இப்போது தீவுகளுக்குள் ஓடும் கப்பலில் வேலை. மாதத்தில் இருபது நாள் கடலில் இருப்பான். அவள் மாடியில் தனியாக இருப்பாள்.

தனியாக என்பது பேச்சுக்குத்தான். பாதி நாள் எங்கள் சமையலறையில்தான் கிடப்பாள். கடைத்தெருவில் இந்தி கற்றுக்கொண்டாள், என் மனைவியிடம் தமிழ் கற்றுக்கொண்டாள், இரண்டையும் ஒரே குண்டானில் போட்டுக் கிண்டிப் பேசுவாள். என் மனைவியை அக்கா என்பாள், என்னை அண்ணா என்பாள். எங்கள் பிள்ளைகள் இரண்டும் மேன்லேண்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டதால் வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்ததே அவளால்தான்.

நான் சிவில் கான்ட்ராக்டர். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்தவர். நான் பள்ளிக்கூடச் சுவர், குவார்ட்டர்ஸ், வாய்க்கால் என்று ஊருக்கெல்லாம் கட்டியவன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சாமி கும்பிடுவேன், ஆனால் பேய், பிசாசு, சகுனம், திருஷ்டி என்று யாராவது ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே வெட்டிவிடுவேன். சைட்டில் பூசணிக்காயில் முகம் வரைந்து தொங்கவிடுவார்கள். அதைக்கூட வேலைக்காரர்களுக்காகத்தான் பொறுத்துக்கொள்வேன்.

மாலை நாலு மணிக்கு டீ. இங்கே ஐந்து மணிக்கே வெளிச்சம் வடியத் தொடங்கிவிடும், அதனால் எங்கள் டீ நேரம் சீக்கிரம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் பல்கேரியா என்ற நாடு முழுவதும் எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஐந்நூறு வருஷம் துருக்கியர் ஆண்டதைச் சொல்வாள், நேற்று நடந்ததைப்போல முகம் சுருங்கும். விடியுமுன் ரோஜா பறிக்கும் பள்ளத்தாக்கைச் சொல்வாள். தயிர் உலகத்துக்கே தங்கள் ஊர் கொடுத்தது என்பாள். என் மனைவி விடமாட்டாள். "எங்க ஊர்ல தயிரை என்ன ஆகாயத்துலேர்ந்தா இறக்குனோம்?" என்பாள். பால் பவுடரில் தயிர் தோய்க்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் தயிருக்குச் சண்டை போடுவார்கள். அவர்கள் ஊரில் ஆமாம் என்றால் தலையை இடவலமாக ஆட்டுவார்களாம், இல்லை என்றால் மேலும் கீழும். இது தெரியாமல் முதல் மாதம் முழுக்க என் மனைவி, அவள் வேண்டும் என்று தலையாட்டியபோதெல்லாம் டீ கொடுக்காமல் விட்டிருக்கிறாள்.

பூக்குழி மிதிப்பதும் அவர்களிடம் உண்டு என்று கேட்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏதோ ஒரு மலைப்பக்கத்துக் கிராமங்களில், புனிதர் படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, மேளத்துக்கு நடுவே வெறுங்காலோடு நெருப்பில் இறங்குவார்களாம். குளிர்காலத்தில் ஆண்கள் ஆட்டுத்தோல் போர்த்தி, கோர முகமூடி மாட்டி, இடுப்பில் ஆளுயரத்துக்குப் பாதி இருக்கும் மணிகளைக் கட்டிக்கொண்டு குதித்து, கெட்டதையெல்லாம் ஊரைவிட்டு விரட்டுவார்களாம். பூக்கொத்து கொடுத்தால் ஒற்றைப்படை. இரட்டைப்படைப் பூ செத்தவர்களுக்கு மட்டும். ஒருத்தர் செத்தால் போட்டோவோடு கறுப்புக் கரை போட்ட தாளை வாசல் கதவிலும் மரத்திலும் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் மறுபடி புதுத் தாள். ஆறாம் மாதம் மறுபடி. வருஷம் திரும்பினால் மறுபடி.

"அதென்ன பெரிய விஷயம்? எங்க ஊர் போஸ்டர்ல செத்தவன் தபால்தலை சைஸ்ல இருப்பான், ஒட்டுனவன் ஆளுயரம் இருப்பான்" என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் நாற்பது என்ற எண்ணைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். செத்தவரின் உயிர் நாற்பது நாள் வீட்டைச் சுற்றும் என்பாள். நமக்குப் பதினாறு, அவர்களுக்கு நாற்பது, அவ்வளவுதானே என்று நான் விட்டுவிட்டேன்.

லம்பா லைன் வீடு அப்பா கட்டியது. பெரிய நிலநடுக்கத்தில் சுவரெல்லாம் விரிசல் விட்டு, பூசிப் பூசிப் பார்த்தும் ஒவ்வொரு மழைக்கும் விரிசல் தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிடும். ஊருக்குள்ளேயே டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் எங்களுக்கு ஒரு மனை கிடந்தது. ஊருக்கெல்லாம் கட்டுறீங்க, நமக்கு ஒண்ணு கட்டக்கூடாதா என்று என் மனைவி பத்து வருஷம் கேட்டாள். பதினோராவது வருஷம், மாசி பிறந்ததும், கடைக்கால் வெட்டினேன்.

மேஸ்திரி நடு அந்தமான் ரங்கத்திலிருந்து வந்தவர். என்னைவிட மூத்தவர், அப்பா காலத்து ஆள், கை சுத்தம், வாய் சுத்தம். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வேறு எந்தக் கொத்தனாரும் செய்து நான் பார்த்ததில்லை. பூஜை முடிந்ததும் வீட்டுக்காரம்மாவை வெயிலில் நிற்கச் சொல்வார். அவள் நிழல் தலையிலிருந்து கால் வரை எவ்வளவு விழுகிறதோ அதை மஞ்சள் தடவிய நூலால் அளப்பார். அந்த நூலைச் சுருட்டி வெற்றிலையில் வைத்து, நவதானியத்தோடு சேர்த்துக் கன்னி மூலைக் குழியில் வைத்துவிட்டு அதன்மேல் முதல் சட்டி கான்கிரீட் கொட்டுவார். "வீட்டுக்காரி நிழல் அஸ்திவாரத்துல இருந்தா வீடு அவளை விட்டுப் போகாது, அவளும் வீட்டை விட்டுப் போகமாட்டா" என்பார். நல்ல எண்ணம்தானே, ஒரு முழம் நூல் செலவு. நான் எதுவும் சொன்னதில்லை.

அன்று காலை முழுக்க மேகம். பூஜை முடிந்து ஐயர் கிளம்பிவிட்டார். மேஸ்திரி வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பத்தரை மணிக்கு வெயில் பளிச்சென்று அடித்தது. "தங்கச்சி, ஓடியா, இப்படி வந்து நில்லு" என்றார். என் மனைவி புதுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்து நின்றாள். மேஸ்திரி குனிந்து நூலைப் பிடித்தார். அவர் அளந்து, சுருட்டி, குழியில் இறக்கி, கான்கிரீட் சட்டி கைமாறிக்கொண்டிருந்தபோது மாடிக்காரி ஒரு தட்டில் ஏழு செம்பருத்தியோடு வாசலில் வந்து நின்றாள்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற பெங்காலி சித்தாளிடம் இந்தியில் என்ன நடக்கிறது என்று கேட்டாள். அவன் சொன்னான். தட்டு கீழே விழுந்தது. அவள் ஓடிவந்து என் மனைவியின் கையைப் பிடித்து வெயிலிலிருந்து இழுத்தாள். அவ்வளவு பலமாக இழுத்ததில் இரண்டு வளையல் உடைந்தது. நல்ல நாளில் வளையல் உடைந்ததே என்று சித்தாள் பெண்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "என்னம்மா இது, கூத்தா நடக்குது இங்கே?" என்று கத்தினேன். அவள் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கான்கிரீட் விழுந்து மூடிவிட்டது.

மாலையில் டீயைத் தொடாமல் உட்கார்ந்து சொன்னாள். அவர்கள் ஊரில் பழைய கொத்தனார்கள் பாலமோ கோபுரமோ பெரிய வீடோ கட்டும்போது, அது இடிந்து விழாமல் நிற்க ஓர் உயிர் வேண்டும் என்று நம்புவார்களாம். ஆளையே வைத்துக் கட்டியதாகப் பாட்டுகள் உண்டாம். பிற்காலத்தில் ஆளுக்குப் பதில் நிழல். வழியில் போகிற ஒருவரின் நிழலை அவருக்குத் தெரியாமல் நூலால் அளந்து, அந்த நூலைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுவார்கள். கட்டடம் நிற்கும். நிழலுக்குச் சொந்தக்காரர் நாள்தோறும் மெலிந்து, வெளுத்து, நாற்பது நாளுக்குள் செத்துப்போவார். செத்தபின் அந்தக் கட்டடத்தை விட்டுப் போகமுடியாமல் அதற்கே காவல் இருப்பார். கட்டட வேலை நடக்கிற இடத்தில் அவர்கள் ஊர்க் கிழவிகள் இன்றும் வெயில் பார்த்து, சுற்றித்தான் போவார்களாம்.

"மேஸ்திரி சொன்னார் இல்ல, அக்கா வீட்டை விட்டுப் போகமாட்டாங்கன்னு? எங்க ஊர்லயும் அதேதான் அண்ணா. அதேதான்" என்றாள்.

என் மனைவி சிரித்தாள். "அப்போ இவருக்கு வாட்ச்மேன் செலவு மிச்சம்" என்றாள். நான் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, இந்தக் கதையை இனி ஒரு தரம் இந்த வீட்டில் சொன்னால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான் என்றேன். அவள் எழுந்து போகும்போது வாசலில் நின்று, "சரி, நிழல் வேணாம். ஆனா அக்காவை டாக்டர்கிட்ட காட்டுங்க. அக்கா நகத்தைப் பாருங்க அண்ணா" என்றாள். நிழலையும் அவள்தான் சொன்னாள், டாக்டரையும் அவள்தான் சொன்னாள். முதலாவதைக் கேட்டு வந்த கோபத்தில் இரண்டாவது என் காதில் ஏறவே இல்லை.

வேலை அங்கேயே நின்றது. மேன்லேண்டிலிருந்து வரவேண்டிய கம்பி கப்பலில் ஏறவில்லை, அடுத்த கப்பல், அதற்கடுத்த கப்பல் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். டெய்ரி ஃபார்ம் மனையில் அடிக் கான்கிரீட் போட்ட குழிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. நடுவில் ஒரு மழை பெய்து குழிகளில் தண்ணீர் நின்றது. காலையில் நான் போய்ப் பார்ப்பேன். பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் போவேன், போனால் முதலில் கன்னி மூலைக்குத்தான் கால் போகும்.

ஒரு வாரம் கழித்து என் மனைவி பச்சரிசி மெல்வதைப் பார்த்தேன். டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தாள். "பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்னு தெரியாதா?" என்றேன். "பெய்யட்டுமே, நம்ம கல்யாணம்தான் முடிஞ்சுபோச்சே" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அதன்பிறகு பார்க்கும்போதெல்லாம் மென்றாள். ஒரு நாள் சைட்டுக்கு வந்தவள் ஈரச் செங்கல்லை எடுத்து மோந்து பார்த்துக்கொண்டே நின்றாள். என்ன என்று கேட்டதற்கு வாசனை நல்லாருக்கு என்றாள். ஒரு மூலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டதை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

மாடிப்படியில் பாதியில் உட்கார ஆரம்பித்தாள். துணி துவைத்தால் படுத்துக்கொண்டாள். உள்ளங்கை சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. மார்ச் முதல் தேதி மாடிக்காரி வந்து அவள் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் ஒன்றைக் கட்டினாள். அவர்கள் ஊரில் அன்றைக்கு எல்லோரும் கட்டிக்கொள்வார்களாம், மார்ச் மாதத்தை முன்கோபக்காரக் கிழவி என்பார்களாம், அவள் மனம் குளிர இந்த நூல். நாரையையோ பூத்த மரத்தையோ பார்க்கும்வரை கழற்றக் கூடாது. உடம்புக்கு நல்லது என்றாள். சிவப்புக்குப் பக்கத்தில் மனைவியின் தோலைப் பார்த்தபோதுதான் அவள் எவ்வளவு வெளுத்திருக்கிறாள் என்று எனக்கு உறைத்தது. பயந்தேன். பயந்ததால் சத்தம் போட்டேன். "எல்லாம் இவ கிளப்பிவிட்ட பீதி. மனசுல புகுந்துக்கிட்டு ஆளைத் தின்னுது. நீயும் அதையே நெனச்சுக்கிட்டுக் கெடக்குற" என்றேன். மனைவி, "நான் எதையும் நெனைக்கலீங்க, சோர்வா இருக்கு, அவ்வளவுதான்" என்றாள்.

உண்மையில் நினைத்துக்கொண்டிருந்தது நான். காலண்டரில் எந்தக் குறியும் போடவில்லை, ஆனால் காலையில் கண் விழித்ததும் இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று தெரிந்தது. பதினெட்டு. பத்தொன்பது. இருபத்திரண்டாம் நாள் மொட்டைமாடியில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் நிழல் தரை ஓடுகளில் எத்தனை சதுரம் விழுகிறது என்று எண்ணினேன். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி எண்ணினேன். அரைச் சதுரம் குறைந்ததுபோல் தோன்றியது. கோடை நெருங்க நெருங்க நிழல் குறையும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், நான் மட்டம் பிடித்துப் பிழைத்தவன். இருந்தும் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். மனைவி திரும்பி, "என்னங்க, ஏன் அப்படிப் பாக்குறீங்க?" என்றாள். துணி சரியாகப் பிழியவில்லை என்று எரிந்து விழுந்தேன்.

மாடிக்காரி எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். நான் வெளியே போனபின் வந்து போவாள் என்று எனக்குத் தெரியும், வெந்தயக் கஞ்சி வாசனையும் கழுவி வைத்த இரண்டு டம்ளரும் சொல்லிவிடும். மேஸ்திரிக்கும் விஷயம் எட்டியிருந்தது. சந்தித்தால் தரையைப் பார்த்துப் பேசினார். "நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன் அண்ணே" என்று தானாகவே ஒரு நாள் சொன்னார். என்னைவிட மூத்தவர் என்னை அண்ணே என்றது அதுதான் முதல் தடவை. நீரும் போய் இந்தக் குப்பையை நம்புகிறீரே என்று நான் அவரைத் திட்டியிருக்க வேண்டும். கம்பி எப்போது வரும் என்று பேச்சை மாற்றினேன்.

முப்பத்தேழாம் நாள் காலை. மனைவி கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பைப் பிடித்த கை பாதியில் இறங்கி மடியில் விழுந்தது. "இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாமா?" என்றாள்.

அவள் இப்படிக் கேட்கிற ஆள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து பிரசவத்துக்குத் தவிர ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவள். கேட்டது எனக்குப் புரிந்தது. ஆனால் என் தலைக்குள் அன்றைக்கு வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் தூங்காமல் முடிவு செய்து வைத்திருந்தேன். இன்னும் மூன்று நாள்தான் பாக்கி. "நாளைக்குப் போவோம். இன்னைக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கு" என்றேன். சரி என்றாள்.

முக்கியமான வேலை என்னவென்றால், வாடகைக்கு ஒரு பிரேக்கர் மிஷினை எடுத்துக்கொண்டு டெய்ரி ஃபார்முக்குப் போய், நானே நின்று போட்ட கான்கிரீட்டை நானே உடைப்பது. சித்தாள்களைத் தொடவிடவில்லை. மேஸ்திரி மண் மேட்டில் குந்திக்கொண்டு, தலையில் கட்டிய துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் மதில்மேல் எட்டிப் பார்த்தார்கள். முப்பது வருஷக் கான்ட்ராக்டர் தன் வீட்டு அஸ்திவாரத்தைத் தானே தோண்டுகிறான் என்றால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? வியர்வை கண்ணில் இறங்கியது. நல்ல கலவை, சீக்கிரம் உடையவில்லை. இவ்வளவு நல்ல கலவை ஏன் போட்டோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மதியம் ஒரு மணி வாக்கில் அடிமண் தெரிந்தது. மண்டியிட்டுக் கையால் வாரினேன். கறுப்பாக அழுகிய வெற்றிலை வந்தது. முளைவிட்டு, வெளிச்சம் இல்லாமல் வெளுத்துச் செத்துப்போன நவதானியம் வந்தது. நூல் கிடைக்கவில்லை. மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்தேன். "மக்கிப் போயிருக்கும் அண்ணே, பருத்தி நூல்தானே" என்றார் மேஸ்திரி. ஒரு மாதத்தில் மக்குமா, மக்கினால் அது எடுத்ததாகக் கணக்கா, இல்லையா? மண்டியிட்டபடி இதைத்தான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நான், பேய் பிசாசை அந்த இடத்திலேயே வெட்டுகிறவன்.

அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. மாடிக்காரி. தமிழும் வரவில்லை, இந்தியும் வரவில்லை, அவள் பாஷையில் ஏதோ அழுதாள். பிறகு, "அக்கா பாத்ரூம்ல... ரத்தம்... ஜல்தி" என்றாள்.

நான் போய்ச் சேர்வதற்குள் அவளே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். அவசரப் பிரிவில் என் மனைவி படுத்திருந்தாள். உதட்டுக்கும் முகத்துக்கும் நிறம் ஒன்றாக இருந்தது. உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, இப்படி ஒரு ஆள் எப்படி நடமாடிக்கொண்டிருந்தார் என்று நர்ஸுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ரத்தம் ஏற்ற வேண்டும், பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் போய் நின்றேன். சர்க்கரை, பிரஷர், வேண்டாம் என்றுவிட்டார்கள். மாடிக்காரி கொடுத்தாள். பிளாஸ்டர் ஒட்டிய கையோடு திரும்பிவந்து கட்டில் பக்கத்தில் நின்றாள்.

டாக்டர் அம்மா சேலத்துக்காரர், சின்ன வயது. கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்து, "எத்தனை நாளா இப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

நான் யோசிக்கக்கூட இல்லை. "முப்பத்தேழு நாளா" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். நோயாளியின் வீட்டுக்காரர்கள் ஒரு மாசம், ரெண்டு மாசம் என்றுதான் சொல்வார்களாக இருக்கும். "முப்பத்தேழு நாளுக்கு முன்னாடி நல்லா இருந்தாங்களா?"

"நல்லா இருந்தா. சிரிச்சுக்கிட்டு நின்னா" என்றேன்.

கட்டிலிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. மெதுவான குரல், ஆனால் தெளிவாக இருந்தது. "இல்லீங்க டாக்டர். ஆடி மாசத்துலேர்ந்து. அப்பவே ரத்தம் ரொம்பப் போயிட்டிருந்துச்சு. இவர்கிட்ட சொன்னேன். வயசாகுது, நிக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும்னார். ஐப்பசியிலயும் ஒரு தடவை சொன்னேன். பாவம், அவருக்கு வேலை மும்முரம், மறந்திருப்பார்."

குறை சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள், டாக்டர் என்னைத் திட்டிவிடக் கூடாது என்று. டாக்டர் திட்டவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி, "நீங்க இவங்க கூட ஒரே வீட்லதான் இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஆடி மாதம் ஞாபகம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்னாள். நான் டெண்டர் தாளைப் புரட்டிக்கொண்டே பதில் சொன்னேன். அதற்கப்புறம் மாசி வரை, அவள் வெளுத்ததையோ மூச்சு வாங்கியதையோ ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை. பார்க்கத் தொடங்கியதே அந்தக் கதையைக் கேட்ட பிறகுதான். பார்த்ததும் அவளுக்காக அல்ல. கதை பொய் என்று காட்டுவதற்காகவும், பிறகு அது நிஜமாகிவிடுமோ என்ற பயத்திலும்தான்.

கருப்பையில் கட்டி. சாதாரணக் கட்டி இல்லை. மேன்லேண்டுக்கு எழுதிக்கொடுத்தார்கள். ரத்தம் ஏற்றிய மறுநாளே விமானத்தில் சென்னைக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் வந்தார்கள். ஆபரேஷன் செய்தார்கள், பரவிவிட்டது என்றார்கள், இன்னும் நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஒருவர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆபரேஷனுக்கு முன்னால், நாற்பதாம் நாள், சென்னை ஆஸ்பத்திரியில் அவள் இட்லி கேட்டுச் சாப்பிட்டாள். நான் அன்று வராந்தாவுக்குப் போய் அழுதேன். ஜெயித்துவிட்டோம் என்று அழுதேன். அந்த நேரத்திலும் எனக்குப் புத்தி அந்தக் கணக்கில்தான் இருந்தது. புரட்டாசியில் அவள் போய்விட்டாள்.

போர்ட் பிளேருக்குத் திரும்பி வந்தபோது ஊர் முழுக்கக் கதை பரவியிருந்தது. நான் அஸ்திவாரத்தை உடைத்ததை டெய்ரி ஃபார்மே பார்த்திருந்தது, அதற்குப் பின் யாருக்கு என்ன சொல்ல வேண்டியிருந்தது? துக்கம் கேட்க வந்தவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மாடிப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். "அந்த வெள்ளைக்காரி சொன்ன நிழல் தோஷம்தானா?" முதல் ஆளிடம் ஆமாம் என்றேன். சொன்னதும் அவர் உச்சுக்கொட்டி, வேறு எதுவும் கேட்காமல் எழுந்து போனார். அது எவ்வளவு சுலபமாக இருந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால், பின்னே என்ன, எப்போதிலிருந்து, நீங்கள் கவனிக்கவில்லையா என்று கேட்டிருப்பார். அதனால் இரண்டாவது ஆளிடமும் ஆமாம் என்றேன். எல்லோரிடமும் அப்படியே சொன்னேன். மேஸ்திரி ரங்கத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நிழலை நூலால் அளக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

தெருவில் மாடிக்காரியைப் பார்த்தால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். கறிகாய்க்காரன் அவள் கையில் காசு வாங்காமல் கூடையில் போடச் சொன்னான். கர்ப்பமாக இருந்த பக்கத்து வீட்டுப் பெண், அவள் கண்ணில் படக் கூடாது என்று பின்வாசலால் போய் வந்தாள். அவள் கண் பட்டால் ஆள் வெளுத்துவிடும் என்று பேச்சு. நாலு வருஷம் இந்த வீட்டில் சிரித்த பெண், படியில் இறங்கும்போதுகூடச் சுவரோரமாக இறங்கினாள். புருஷன் சென்னைப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டான்.

கிளம்புகிற அன்று சாமானெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டு அவள் கீழே வந்தாள். என் மனைவியின் படத்துக்கு முன்னால் நான்கு செம்பருத்தி வைத்தாள், எண்ணி வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் தமிழ் இந்த நான்கு வருஷத்தில் நன்றாகத் தேறியிருந்தது.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? நான் சொன்னதுனாலதான் அக்கா போயிட்டாங்களா?"

உண்மை தெரிந்து உயிரோடு இருப்பவன் நான் ஒருவன் மட்டுமல்ல. அவளும் அந்தக் கட்டில் பக்கத்தில், கையில் பிளாஸ்டரோடு நின்றவள்தான், ஆடி மாதம் என்பதைக் கேட்டவள்தான். இருந்தும் கேட்டாள். ஊரே சொல்லும்போது தன் காதையே நம்பமுடியாமல் போயிருக்கும். 'இல்லை' என்று நான் ஒருவன் சொன்னால் அவளுக்குப் போதும், அதற்காகத்தான் இறங்கி வந்திருந்தாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "கப்பலுக்கு நேரமாச்சு, கிளம்பும்மா" என்றேன்.